வரப்பு இலந்தையும் ஒட்டுக் கட்டும் முறையும்

மானாவாரிக் கிராமங்களில் வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் நாம் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன கன்று வேண்டும்?" என்பதே. மா, கொய்யா, சப்போட்டா, எலுமிச்சை என்று பட்டியல் நீளும். ஆனால் அந்தக் குடியானவரின் வரப்பிலும், கிணற்று மேட்டிலும், கொல்லைப்புற வேலியோரத்திலும் யாரும் நடாமல், யாரும் நீர் ஊற்றாமல் முன்னரே வளர்ந்து நிற்கும் பழமரம் எது என்று கேட்பாரில்லை. பெரும்பாலும் அது இலந்தையாகவே இருக்கும். முள் உள்ளது என்ற ஒரே காரணத்தினால் அது மரக் கணக்கில் சேராமல் புதர்க் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இந்தத் தவறான கணக்கை நானும் ஒருமுறை போட்டவன். அதன் பலனை அனுபவிக்க நேர்ந்ததோ வேறொருவர்.

2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் சீமைக் கருவேல மரங்களை அகற்றும் பணி மும்முரமாக நடந்து வந்தது. அப்போது நான் பணியாற்றிய ஒன்றியம் கரிசல் நிலமும் கண்மாய்களும் நிறைந்தது. ஓர் ஊராட்சியில் கண்மாய்க்கு நீர் வரும் ஓடையின் இரு கரைகளையும் இரண்டே நாட்களில் சுத்தம் செய்தோம். எந்திரம் ஓட்டியவருக்கு நாங்கள் கொடுத்த உத்தரவில் "முட்செடிகள்" என்றுதான் எழுதியிருந்தது. அவர் மீது குற்றமில்லை. முள் இருந்த அனைத்தையும் வேரோடு பெயர்த்துப் போட்டார். மூன்றாம் நாள் ஒரு மூதாட்டி அலுவலகத்திற்கு வந்தார். ஓடைக்கரையில் இருந்த நான்கு இலந்தை மரங்களில் பழம் பொறுக்கித் தை, மாசி மாதங்களில் பள்ளிக்கூட வாசலில் டம்ளர் கணக்கில் விற்று வந்தவர் அவர். "கருவேலத்த எடுக்கச் சொன்னாங்க, சரி. இலந்தை உங்கள என்ன செஞ்சுது ஐயா?" என்று மட்டும் கேட்டார். நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவன். சீமைக் கருவேலம் அயல்நாட்டு மரம், இலந்தை நம் நாட்டு மரம் என்ற வேறுபாட்டைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். இருப்பினும் அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

பரிகாரமாக அவருக்கு இரண்டு ஒட்டுக் கன்றுகளை வரவழைத்துக் கொடுத்தேன். முதல் கோடையில் ஒன்று பட்டது. அடுத்த கோடையில் மற்றொன்றும் பட்டது. தெருக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில், குடிப்பதற்கு வைத்துள்ள குடத்தைக் கன்றுக்கு ஊற்றச் சொல்வது நியாயமாகாது. ஆனால் எதிர்பாராத வேறொன்று நிகழ்ந்தது. எந்திரத்தின் பல்லுக்குத் தப்பி, அடிமரம் முறிந்து வேர் மட்டும் மண்ணில் தங்கியிருந்த ஓர் இலந்தைக் கட்டை, அவ்வாண்டு ஐப்பசி மழையில் துளிர்த்தது. அந்தக் கட்டையிலிருந்துதான் நான் இலந்தையைப் பற்றிய பாடத்தைக் கற்றுக்கொண்டேன்.

இலந்தையின் இயல்பு

சங்க நூல்களில் இரத்தி என்று வழங்கப்படும் மரம் இதுவே. வடமொழியில் பதரி என்பர். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கீழ்வேளூர்ச் சிவாலயத்தில் இலந்தையே தலமரம். இலந்தைக்குளம் என்ற பெயருடைய ஊர்கள் தென்மாவட்டங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. 1968-இல் வெளிவந்த 'பணமா பாசமா' திரைப்படத்தில் எல். ஆர். ஈஸ்வரி பாடிய பாட்டினால் இப்பழத்தின் பெயர் பட்டணத்தாருக்கும் பழக்கமாயிற்று. இதன் தாவரவியல் பெயர் சிசிஃபஸ் மொரீஷியானா. 1789-இல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க் இப்பெயரைச் சூட்டினார். பெயரில் மொரீஷியஸ் தீவு இருந்தாலும் மரத்தின் தாயகம் நம் நாட்டை உள்ளிட்ட ஆசியப் பகுதியே. புதர்க்காடுகளில் கொடி போல் படர்ந்து கறுத்த சிறு பழம் தரும் சூரைமுள்ளும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

இலையைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். மேற்புறம் பசுமையாகவும், அடிப்புறம் வெண்மையான மெல்லிய ரோமம் போர்த்தியும், காம்பிலிருந்து மூன்று நரம்புகள் ஓடியும் இருக்கும். ஒவ்வோர் இலைக் கணுவிலும் சாதாரணமாக இரண்டு முட்கள் இருக்கும். ஒன்று நேராக நிற்கும். மற்றொன்று கொக்கி போல் பின்னோக்கி வளைந்திருக்கும். கையை விட்டவர் இழுக்கும்போதுதான் அதிகமாகக் கீறல் படுவதற்குக் காரணம் அந்த வளைந்த முள்ளே. இலந்தை மரத்தில் பழம் பறிக்கும் சிறுவர்களுக்கு இந்த இரகசியம் நம்மைவிட நன்கு தெரியும்.

குடியானவர் கவனிக்க வேண்டிய குணங்கள் இரண்டு. ஒன்று, ஆணிவேர். விதை முளைத்த இடத்திலேயே வளரும் இலந்தை, தரைக்கு மேலே ஒரு முழம் வளருமுன் தரைக்குக் கீழே ஆழமாக இறங்கிவிடும். கோடையின் உச்சத்தில் இலையை உதிர்த்துவிட்டு மரம் ஓய்வு கொள்ளும். மழை விழுந்ததும் மீண்டும் தழைக்கும். உவர் கலந்த மண்ணையும் சரளை நிலத்தையும் அது பொறுத்துக்கொள்ளும். இரண்டாவது குணம், புதிய கிளையில்தான் பூ வரும் என்பது. அந்தந்த ஆண்டில் விட்ட துளிரின் இலைக்கணுக்களில் பசுமஞ்சள் நிறத்தில் சிறு பூக்கள் ஆவணி, புரட்டாசியில் தோன்றி, மார்கழி முதல் மாசி வரை பழுக்கின்றன. ஆகவே வெட்டினால் காய்ப்பு குறையும் என்று அஞ்சுவது இலந்தைக்குப் பொருந்தாது. ஆண்டுதோறும் கவாத்து செய்யாமல் விட்ட மரத்தில்தான் காய் சிறுத்து, உச்சாணிக் கிளைகளில் மட்டும் தங்கும்.

பையில் வளர்த்த கன்று ஏன் தவறுகிறது என்பது இதிலிருந்து விளங்கும். பாலித்தீன் பையில் ஆணிவேர் சுருண்டு கொள்கிறது, அல்லது பையைத் துளைத்து நிலத்தில் இறங்கி, எடுக்கும்போது அறுபடுகிறது. அப்படிப்பட்ட கன்றுக்கு முதல் இரண்டு கோடைகளில் மனிதர்தான் நீர் கொடுத்தாக வேண்டும். வரப்பில் நிற்கும் காட்டிலந்தைக்கோ பத்து ஆண்டு வயதுடைய வேர் ஏற்கனவே தயாராக உள்ளது. பழம் சிறியது, சதை குறைவு, கொட்டை பெரியது என்பதுதான் அதன் குறை. அந்தக் குறையைத் தலையில் தீர்த்துவிடலாம்; வேரைத் தொட வேண்டியதில்லை. வறண்ட இராஜஸ்தான் நிலங்களில் நின்ற இடத்திலேயே ஒட்டுக் கட்டும் முறையை அறிஞர்கள் பரிந்துரைப்பதும் இது கருதியே.

நின்ற மரத்தில் ஒட்டுக் கட்டுதல்

பழம் ஓய்ந்த பிறகு, மாசிக் கடைசி அல்லது பங்குனியில், மரத்தைத் தரையிலிருந்து 1 அடி முதல் 3 அடி உயரத்திற்குள் வெட்டிவிட வேண்டும். ஆடு மாடு நடமாட்டம் உள்ள இடமானால் சற்று உயரத்தில் வெட்டுவது நல்லது. கூரிய ரம்பத்தால் சாய்வாக அறுக்க வேண்டும்; அரிவாளால் கொத்திப் பிளந்துவிடக் கூடாது. வெட்டுவாயில் மழைநீர் தங்காமல் வழிந்தோட வேண்டும் என்பதற்காகவே சாய்வு. வெட்டிய கிளைகளை எறிந்துவிடாமல் கட்டையைச் சுற்றி முள்வேலியாகப் பரப்பிவிட்டால் ஆட்டுக்கு அதைவிடக் காவல் வேறில்லை.

சித்திரையில் கட்டையைச் சுற்றிலும் பத்துப் பதினைந்து துளிர்கள் புறப்படும். எல்லாவற்றையும் வளரவிட்டால் எதுவும் பருக்காது. வெவ்வேறு திசைகளில் உள்ள வலுவான நான்கை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் அவை பென்சில் கனம் அடையும். பட்டையைக் கத்தி நுனியால் நெம்பினால் வழுக்கிக்கொண்டு எழுமானால் அதுவே ஒட்டுக்கு உகந்த பருவம். பட்டை பிய்ந்து பிய்ந்து வந்தால், ஒரு நல்ல மழைக்கோ அல்லது இரண்டு குடம் தண்ணீருக்கோ காத்திருப்பதே மேல்.

மொட்டு எடுக்கும் கிளை நல்ல ரகத்தின் தாய்மரத்திலிருந்து வர வேண்டும். அந்த ஆண்டு வளர்ந்து முதிர்ந்த, கணுக்களில் மொட்டு உப்பியுள்ள கிளையாகப் பார்த்து வெட்டி, இலைப்பரப்பை நறுக்கிவிட்டுக் காம்பை மட்டும் விட்டு வைக்க வேண்டும். நனைந்த சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தால் அன்றோ மறுநாளோ பயன்படுத்தலாம். வெயிலில் இருசக்கர வண்டியின் பின்புறம் கட்டிக் கொண்டுவந்த குச்சிகள் உதவாமற்போனதை ஒருமுறை நேரில் கண்டேன். குச்சியின் நிறம் மாறவில்லை. ஆயினும் 20 ஒட்டுகளில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

இனி ஒட்டுக் கட்டும் செயல். நிறுத்திவைத்த துளிரின் அடிப்பகுதியில், கட்டையிலிருந்து அரை அடி தள்ளி, 'டி' என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் பட்டை ஆழத்திற்கு மட்டும் கீற வேண்டும். குறுக்குக் கீறல் அரை அங்குலமும், நெடுக்குக் கீறல் ஓர் அங்குலமும் இருந்தால் போதும். தாய்மரக் குச்சியிலிருந்து நடுவில் ஒரு மொட்டும் காம்பும் இருக்குமாறு, கேடயம் போன்ற வடிவில் ஓர் அங்குல நீளப் பட்டைத் துண்டைச் சீவி எடுக்க வேண்டும். அதனைக் காம்பைப் பிடித்துக்கொண்டு, மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி, கீறிய பட்டைக்குள் மேலிருந்து கீழாகச் செருக வேண்டும். உட்புறத்தை விரல் தொடக்கூடாது. பின்னர் மொட்டு மட்டும் வெளியே தெரியும்படி பாலித்தீன் நாடாவினால் கீழிருந்து மேலாக இறுக்கமாகச் சுற்றிக் கட்ட வேண்டும். பழகிய கைக்கு இது சில நிமிட வேலை. பழகாதவர் முதலில் வெட்டியெறிந்த இலந்தைக் கொம்புகளில் இருபது முப்பது முறை பயிற்சி செய்து பார்ப்பது உத்தமம்.

இரண்டு, மூன்று வாரங்கள் கழித்துக் காம்பை விரலால் மெல்லத் தொட்டால், ஒட்டுப் பிடித்ததா என்பது தெரிந்துவிடும். தொட்டதும் காம்பு உதிர்ந்து, மொட்டு பசுமையாக இருந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. காம்பு காய்ந்து சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தால் மொட்டு இறந்துவிட்டது. அத்துளிரின் மறுபக்கத்தில் மீண்டும் ஒருமுறை முயலலாம். பிடித்த மொட்டுக்கு மேலே இரண்டு அங்குலம் விட்டுத் துளிரை வெட்டிவிட்டால் மொட்டு விழித்துக்கொள்ளும். பின்னர் நாடாவை அவிழ்த்துவிடலாம்.

பலரும் தவறுவது இதற்குப் பின்புதான். ஒட்டு முளைத்ததும் வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். கட்டையோ தன் இயல்பான காட்டுத் துளிரை வாரந்தோறும் விட்டுக்கொண்டே இருக்கும். முதல் ஆண்டில் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையாவது ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களைக் கட்டைவிரலால் தேய்த்து அகற்ற வேண்டும். அகற்றாவிடின், வேரின் வலுவெல்லாம் காட்டுக் கிளைக்குப் போய் ஒட்டுக்கிளை நலிந்து போகும். மூன்று ஆண்டுகள் கழித்து, "நல்ல ரகம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்" என்று குறைப்படுபவர்களின் மரத்தை நான் சென்று பார்த்ததுண்டு. பெரும்பாலும் மரத்தில் மிஞ்சியிருந்தது காட்டிலந்தைதான். அன்றியும், இளம் ஒட்டுக்கிளை வேகமாக நீண்டு வளருவதால் காற்றில் ஒட்டிய இடத்தோடு பெயர்ந்து விழக்கூடும். ஒரு மூங்கில் குச்சியை ஊன்றித் தளர்வாகக் கட்டிவிடுவது அவசியம்.

காட்டு மரமே இல்லாத வீட்டுக்காரர் என்ன செய்வது? அவரும் பையில் வளர்த்த கன்றைத் தேட வேண்டியதில்லை. 3 அடி நீள அகல ஆழமுள்ள குழி எடுத்து, மேல்மண்ணுடன் 20 கிலோ தொழுஉரம் கலந்து மூடி, புரட்டாசியில் முதல் மழைக்குப் பின் அதிலேயே மூன்று, நான்கு கொட்டைகளை ஊன்றலாம். ஊன்றுமுன் கொட்டைகளை 1 லிட்டர் நீருக்கு 180 கிராம் வீதம் உப்புக் கரைத்த நீரில் ஒரு நாள் போட்டு வைத்தால் பதர் மிதக்கும். அமிழ்ந்தவற்றைக் கழுவிப் பயன்படுத்தலாம். கொட்டையின் ஓட்டைப் பருப்பு நசுங்காமல் இலேசாகத் தட்டி உடைத்தால் ஒரு வாரத்திலேயே முளைக்கும். உடைக்காமல் ஊன்றினால் மூன்று, நான்கு வாரங்களாகும். முளைத்தவற்றில் நல்லதொன்றை நிறுத்தி, மறு ஆடியில் ஒட்டுக் கட்டிக்கொள்ளலாம். மரத்திற்கு மரம் 8 மீட்டர் இடைவெளி வேண்டும். கொல்லைப்புறத்தில் ஒரே மரம் வைப்பவர் சுவரிலிருந்தும் குழந்தைகள் ஓடியாடும் பாதையிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். கவாத்து செய்த முள்ளை அன்றன்றே கூட்டிப் பெருக்காத வீட்டில் இலந்தை வைக்காதிருப்பதே நலம் என்பது என் கருத்து.

எந்த ரகம்?

உம்ரான், கோலா, பனாரசி, கைத்தலி, முண்டியா என்பன நம் மாநிலத்திலும் பரிந்துரைக்கப்படும் ரகங்கள். உம்ரான் இராஜஸ்தானத்து ஆல்வார்ப் பகுதியிலிருந்து வந்தது. காய் பெரிது, நிறம் பொன்மஞ்சள், தொலைதூரச் சந்தைக்குத் தாங்கும். ஆனால் பிந்திப் பழுப்பது. கோலா, பெயருக்கேற்ப உருண்டையாக, சாறு மிகுந்து, முந்திப் பழுப்பது. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிடும் மானாவாரி நிலத்தில், ஈரம் வற்றுவதற்குள் காய்ப்பை முடித்துக்கொள்ளும் கோலா, முண்டியா போன்ற முந்திய ரகங்களே தக்கவை. கிணற்றுப் பாசனம் உள்ளவர் உம்ரானை எடுத்துக்கொள்ளலாம். பல இலந்தை ரகங்களில் தன் பூவின் மகரந்தம் தனக்கே பயன்படுவதில்லை. ஆதலால் ஒரே கட்டையின் நான்கு துளிர்களில் இரண்டில் ஒரு ரகத்தையும், இரண்டில் மற்றொன்றையும் கட்டிவிடுவது ஒரு மரமே உள்ள வீட்டுக்கு நல்ல உபாயம்.

அண்மைக் காலத்தில் 'ஆப்பிள் இலந்தை' என்ற பெயரில் பெரிய பச்சைக் காய் தரும் தாய்லாந்து ரகம் பரவியுள்ளது. நீர்வசதி உள்ள தோட்டத்திற்கு அது ஏற்றதே. காய் பெருத்த அளவுக்குச் சுவை பெருக்கவில்லை என்பது பலருடைய அபிப்பிராயம். என் அபிப்பிராயமும் அதுவே. எவ்வாறாயினும் சொட்டு நீர்க்குழாயை நம்பி வளரும் மரத்தையும், வரப்பில் தானாக நிற்கும் மரத்தையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தல் தகாது. மொட்டுக் குச்சிக்கு அரசு தோட்டக்கலைப் பண்ணைகளிலும், அருப்புக்கோட்டையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளலாம்.

பராமரிப்பு

ஒட்டுக்கிளைகள் நன்கு வளர்ந்த பின் ஆண்டுதோறும் பழம் ஓய்ந்ததும் கவாத்து செய்ய வேண்டும். சென்ற ஆண்டின் வளர்ச்சியில் ஏறத்தாழப் பாதியை வெட்டிவிட்டு, ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் தரையைத் தொடும் கிளைகளையும் நீக்கிவிட்டால் போதும். எரு வைப்பது பருவமழைக்கு முன். பூக்கும் பருவத்தில் நீர் மிகுந்தால் பூ உதிரும். காய் பட்டாணி அளவான பின் இரண்டு, மூன்று முறை நீர் கிடைத்தால் காய் பருக்கும். கிடைக்காவிட்டாலும் மரம் சாகாது. நல்ல பராமரிப்பில் முதிர்ந்த ஒட்டு மரம் ஆண்டுக்கு 100 கிலோ வரை காய்க்கும். வெறும் மானாவாரி வரப்பு மரத்தில் இதில் பாதிக்கும் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும்.

இலந்தையின் பெரும்பகை பழ ஈ. காய் பட்டாணி அளவாக இருக்கும்போதே ஈ தோலைத் துளைத்து முட்டை இடுகிறது. உள்ளே புழு சதையைத் தின்று வளர்ந்து, உதிர்ந்த பழத்துடன் தரைக்கு வந்து, மண்ணில் சில அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகத் தங்குகிறது. பழத்தைப் பிட்டதும் புழு தெரிந்தால் மரத்திற்கு மருந்தடிக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் அப்போது அடித்துப் பயனில்லை, உண்பவர்க்குக் கெடுதலும் உண்டு. உதிர்ந்த பழங்களை அன்றாடம் பொறுக்கி ஆழக் குழியில் புதைப்பதும், கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திவிட்டுக் கூட்டுப்புழுவை வெயிலுக்கும் கோழிக்கும் காட்டுவதுமே செலவில்லாத வழி. ஒரு வீட்டுக்காரர் மட்டும் செய்தால் பலன் பாதி. தெருவில் உள்ளோர் சேர்ந்து செய்தால்தான் ஈ குறையும். மழைக்கால இறுதியில் இளங்காய்களில் வெண்பொடி தூவினாற்போல் சாம்பல் நோய் தோன்றும். நீரில் நனையும் கந்தகத்தை 1 லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளித்தால் அடங்கும்.

கிளியும் அணிலும் எடுத்துக்கொள்ளும் பங்கைப் பற்றிக் குறை கூறுவோர் உண்டு. உயர்ந்த கிளைகளை அவற்றுக்கே விட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டால் மனச்சோர்வு இல்லை.

வேலியாகவும் வடையாகவும்

வேலிக்கு இலந்தையைப் பயன்படுத்திய வரலாறு ஒன்று விசித்திரமானது. 19-ஆம் நூற்றாண்டில் உப்புக்கு வரி வசூலிப்பதற்காக ஆங்கில அரசாங்கம் வட இந்தியாவின் குறுக்கே சுங்க எல்லை ஒன்றை வகுத்து, அதில் நூற்றுக்கணக்கான மைல் தூரத்திற்கு உயிர்வேலி வளர்த்தது. இலந்தை, கருவேல், களா, சப்பாத்திக்கள்ளி முதலியவை அதில் இடம்பெற்றன. நன்கு வளர்ந்த பகுதிகளில் வேலி 10 அடிக்கு மேல் உயர்ந்து, மனிதரோ மிருகமோ புக முடியாதபடி இருந்ததாம். 1867 முதல் 1870 வரை சுங்க ஆணையராக இருந்து அதனைப் பெருக்கியவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பின்னர் 1885-இல் காங்கிரஸ் மகாசபை தோன்றுவதற்கு முன்னின்றவரும் அவரே. 1879-இல் அந்தச் சுங்க எல்லை கைவிடப்பட்டது. ஏழையின் உப்பைத் தடுக்கப் பயன்பட்ட முள் இன்று ஏழையின் கம்பங்கொல்லையைக் காக்கப் பயன்படட்டும். ஆண்டுதோறும் கவாத்தில் கிடைக்கும் முள் ஒரு சிறு கொல்லையின் படலுக்குப் போதும். இலையோ ஆட்டுக்குத் தீனி.

இனி இலந்தை வடை. உளுந்து வடையை எண்ணிக்கொள்ள வேண்டாம். இது வெயிலில் காய்ந்த தின்பண்டம். பழுத்த நாட்டு இலந்தையைக் கழுவி, புழு உள்ளவற்றை ஒதுக்கிவிட்டு, உரலில் கொட்டையோடு இடித்து, வற்றல் மிளகாய், உப்பு, பெருங்காயம், வெல்லம் சேர்த்து மறுபடி இடித்து, சிறு வில்லைகளாகத் தட்டி மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் உலர்த்தினால் பல மாதங்கள் கெடாது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதனை நன்றாகச் செய்கின்றன. பொட்டலமிட்டு விற்பதானால் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்த வடைக்குப் பெரிய ஒட்டுப்பழம் ஆகாது என்பது அனுபவசாலிகள் சொல்வது. சதை அதிகம், நீர் அதிகம், புளிப்புக் குறைவு. ஆகவே ஊரிலுள்ள எல்லாக் காட்டிலந்தையையும் ஒட்டு மரமாக மாற்றிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

இதை எனக்கு உணர்த்தியவரும் அந்த மூதாட்டியே. 2018-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஓடைக்கரைக் கட்டையின் துளிர்களுக்கு ஒட்டுக் கட்டுபவரை அழைத்துச் சென்றிருந்தேன். நான்கு துளிர்களில் மூன்றுக்குக் கட்டியாயிற்று. நான்காவதைத் தொடும்போது, "அத விட்ருங்க ஐயா, அது நாட்டுப் பழமாவே இருக்கட்டும், வடைக்கு அதுதான் ஆகும்" என்றார். அவ்வாறே விடப்பட்டது. காட்டுக்கிளை மற்றவற்றை மீறி வளரும் என்று அவரிடம் எச்சரித்தேன். அதனால் கவாத்தின்போது அந்தக் கிளையை மட்டும் இன்னும் கட்டையாக வெட்டி வருகிறார். மூன்று ஒட்டுகளில் இரண்டு பிடித்தன. 2020-ஆம் ஆண்டுத் தையில் ஒரே கட்டையில் இருவகைப் பழங்களும் பழுத்தன.

இங்கே நிர்வாகத்தில் உள்ள ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். கன்று நட்டால் எண்ணிக்கையாகப் பதிவேட்டில் ஏறுகிறது. நின்ற மரத்தைக் காத்ததற்கும், கட்டையில் ஒட்டுக் கட்டியதற்கும் படிவத்தில் பத்தி இல்லை. அந்த ஓடைக்கரையில் பட்டுப்போன இரண்டு கன்றுகள் அந்த ஆண்டின் கணக்கில் இன்றும் இருக்கின்றன. பழம் தரும் கட்டை எந்தக் கணக்கிலும் இல்லை. படிவம் மாறும்வரை ஊராட்சிகள் தாமே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பதைத் தடுப்பவர் யாருமில்லை. நான் பின்னர் பணியாற்றிய ஒன்றியங்களில் கடைப்பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. ஓடை, வரத்துக்கால், கண்மாய்க்கரை எதுவாயினும் எந்திரம் வருவதற்கு ஒரு நாள் முன்னதாக, ஊரறிந்த பெரியவர் ஒருவரும், அங்கே விறகும் பழமும் பொறுக்கும் பெண் ஒருவரும், ஊராட்சிச் செயலரும் கரை நெடுக நடந்து செல்வார்கள். இலந்தை, வேம்பு, உடை, களா என்று நிற்கும் நாட்டு மரம் ஒவ்வொன்றின் அடியிலும் சுண்ணாம்பினால் ஒரு வளையம் போடுவார்கள். வளையம் உள்ளதைத் தொடக்கூடாது என்று எந்திரம் ஓட்டுபவருக்குச் சொல்லப்படும். அன்று மாலை வளையங்களை எண்ணி நோட்டில் எழுதுவார்கள்; வேலை முடிந்த மறுநாள் மீண்டும் எண்ணுவார்கள். ஓர் ஊராட்சிக்கு இரண்டு கிலோ சுண்ணாம்பு போதும்.